நிலத்தை இழந்தும் நூலை இழக்காத அர்மேனியர்



நாம் வாரந்தோறும் மறையுரை கேட்கிறோம். கேட்டதைச் சில நேரம் வீட்டுக்குப் போவதற்குள் மறந்தும் விடுகிறோம். ஆனால் ஒரு மறையுரை நூலைக் காப்பாற்ற இரண்டு பெண்கள் தங்கள் உயிரையே பணயம் வைத்த நிகழ்வு ஒன்று உண்டு. இன்றைய சிந்தனையை அந்த நிகழ்விலிருந்து தொடங்குவோம்.

1915ஆம் ஆண்டு. இன்றைய துருக்கி நாட்டின் கிழக்குப் பகுதியில் மூஷ் என்ற ஊர். அங்கே திருத்தூதர்களின் பெயரால் அமைந்த பழைய துறவுமடத்தில் ஒரு கையெழுத்து நூல் இருந்தது. 1200ஆம் ஆண்டு தொடங்கி 1202 வரை கன்றுத்தோலில் எழுதப்பட்ட மறையுரைத் தொகுப்பு அது. எடை ஏறக்குறைய 28 கிலோ. ஒருமுறை கொள்ளையர் கையில் சிக்கிய அந்த நூலை, ஊர்மக்களே வெள்ளிக்காசு சேர்த்துக் கொடுத்து மீட்டிருந்தார்கள். இப்போது ஊரே அழிந்துகொண்டிருந்தது. உயிர் தப்பி ஓடிய இரண்டு அர்மேனியப் பெண்கள் அந்த நூலைப் பார்த்தார்கள். அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. முழுதாகத் தூக்கவும் முடியவில்லை. எனவே நூலை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதியாகச் சுமந்து நடந்தார்கள்.

ஒரு பெண் பல நாள்கள் நடந்து, எச்மியாட்சின் என்ற திருத்தலத்தை அடைந்து தன் பாதியை ஒப்படைத்தார். மற்றவரால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. எர்சுரூம் நகரில் ஒரு துறவுமடத்தின் வளாகத்தில் தன் பாதியைத் துணியில் சுற்றி மண்ணில் புதைத்துவிட்டு அவர் இறந்துபோனார் என்று அர்மேனியர்கள் சொல்கிறார்கள். புதைத்த பாதியும் பின்னர் கண்டெடுக்கப்பட்டது. இன்று இரண்டு பாதிகளும் அர்மேனியத் தலைநகர் எரெவானில், ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அந்தப் பெண்கள் இருவரின் பெயரும் நமக்குத் தெரியாது.

பசியிலும் பயத்திலும் ஓடுகிறவர்கள் உணவையோ உடையையோ எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். இவர்கள் ஏன் ஒரு நூலைச் சுமந்தார்கள்? அதைப் புரிந்துகொள்ள அந்த மக்களின் மண்ணையும் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும், கால் வைக்க முடியாது

அர்மேனியா மலைகளால் ஆன நாடு. வடக்கே ஜார்ஜியா, கிழக்கே அஜர்பைஜான், தெற்கே ஈரான், மேற்கே துருக்கி. கடற்கரை கிடையாது. பரப்பளவு 29,743 சதுர கிலோமீட்டர். நமது தமிழ்நாட்டின் பரப்பில் கால்வாசிக்கும் குறைவு. மக்கள் ஏறக்குறைய 30 இலட்சம் பேர். கடல் இல்லாத அந்த நாட்டுக்குக் கடல் போல இருப்பது செவான் ஏரி. அது ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. குளிர்காலத்தில் கடும்பனி. கோடையில் திராட்சையும் மாதுளையும் ஆப்ரிகாட் பழமும் விளையும்.

எரெவான் நகரில் வானம் தெளிந்த நாளில் தெற்கே திரும்பினால், பனி மூடிய ஒரு பெரிய மலை கண்ணில் நிறையும். அதுதான் அரராத்து. உயரம் 5,137 மீட்டர். வெள்ளம் வடிந்தபின் நோவாவின் பேழை அரராத்து மலைத்தொடரின் மேல் தங்கியது என்று தொடக்கநூல் (8:4) கூறுகிறது. அர்மேனியர்கள் தங்களை நோவாவின் வழிவந்த ஹாய்க் என்பவரின் பிள்ளைகளாகக் கருதுகிறார்கள். தங்கள் மொழியில் தங்களை 'ஹாய்' என்றும், நாட்டை 'ஹாயஸ்தான்' என்றும் சொல்கிறார்கள். நாட்டின் அரசுச் சின்னத்திலும் அரராத்து மலையும் அதன்மேல் பேழையும் உண்டு.

ஆனால் அந்த மலை இன்று அர்மேனியாவுக்குள் இல்லை. எல்லைக்கு அப்பால், துருக்கியில் இருக்கிறது. எல்லையோ பல்லாண்டுகளாக மூடிக் கிடக்கிறது. ஒவ்வொரு காலையிலும் சன்னலைத் திறந்தால் தெரிகிற மலை, ஆனால் நடந்து போய்த் தொட முடியாத மலை! அர்மேனியரின் வரலாற்றை இந்த ஒரு காட்சியே சொல்லிவிடும். முன்னாளில் அவர்களது தாயகம் வான் ஏரிக்கும் அப்பால் பரந்து கிடந்தது. இன்றைய நாடு அதன் ஒரு சிறிய பகுதிதான்.

குழியிலிருந்து வந்த ஒளி

உலகில் முதன்முதலில் கிறிஸ்தவத்தை அரசு சமயமாக ஏற்ற நாடு அர்மேனியா. மரபுப்படி அது 301ஆம் ஆண்டு. அப்போது உரோமைப் பேரரசில் கிறிஸ்தவர்களுக்கு உரிமை கிடைத்திருக்கவில்லை. கான்ஸ்தாந்தீன் மன்னர் காலத்தில் அங்கு விடுதலை கிடைத்தது 313இல்தான். அதற்கும் முன்பே, திருத்தூதர்களான ததேயுவும் பர்த்தலமேயுவும் அந்த மண்ணில் நற்செய்தி அறிவித்தார்கள் என்பது அர்மேனியத் திருஅவையின் நம்பிக்கை. அதனாலேயே அது அர்மேனியத் திருத்தூதுத் திருஅவை என்று பெயர் பெற்றது.

மூன்றாம் திரிதாத்து என்ற மன்னர் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தினார். ரிப்சிமே, கயானே என்ற கன்னியரும் அவர்களது தோழியரும் மறைசாட்சிகளாக இறந்தார்கள். கிரகோரி என்பவரை மன்னர் ஓர் ஆழ்ந்த குழிக்குள் தள்ளினார். 13 ஆண்டுகள் அவர் அந்தக் குழியில் கிடந்தார் என்றும், ஒரு பெண் நாள்தோறும் மேலிருந்து அப்பம் போட்டு அவரை உயிரோடு வைத்திருந்தார் என்றும் மரபு கூறுகிறது. பின்னர் மன்னர் கொடிய நோயில் விழுந்தபோது, மன்னரின் சகோதரி கண்ட கனவின்படி கிரகோரியை வெளியே எடுத்தார்கள். தன்னைக் குழியில் தள்ளியவருக்காகவே அவர் வேண்டினார். மன்னர் குணமடைந்து, திருமுழுக்குப் பெற்றார். மக்களும் பெற்றார்கள். அந்தக் கிரகோரியைத்தான் நாம் 'ஒளியூட்டுநர் புனித கிரகோரி' என்கிறோம்.

கோர் விராப் என்ற துறவுமடத்தில் அந்தக் குழி இன்றும் இருக்கிறது. குறுகிய ஏணியில் இறங்கித் திருப்பயணிகள் அங்கே செபிக்கிறார்கள். வெளியே வந்தால் எதிரே அரராத்து மலை. 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கு சென்றபோது, அர்மேனியத் திருஅவைத் தலைவரோடு சேர்ந்து அந்த மலையை நோக்கி வெண்புறாக்களைப் பறக்கவிட்டார். மூடிய எல்லை புறாக்களைத் தடுக்காது அல்லவா!

கடவுள் தாய்மொழியில் பேசினார்

கிறிஸ்தவர்கள் ஆகி நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மக்களுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. மொழி இருந்தது, எழுத்து இல்லை. திருவழிபாடும் இறைவார்த்தையும் கிரேக்கத்திலோ சிரியாக் மொழியிலோ நடந்தன. குருக்கள் வாசித்தார்கள். மக்கள் புரியாமல் நின்றார்கள்.

மூஷ் சமவெளி அடங்கிய தாரோன் பகுதியில் பிறந்த மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி, ஊர் ஊராக நற்செய்தி அறிவித்துத் திரிந்தபோது இந்தக் குறையைக் கண்ணால் கண்டார். திருஅவைத் தலைவர் சாகக், மன்னர் விரம்ஷாபு ஆகிய இருவரின் துணையோடு, 405ஆம் ஆண்டில் 36 எழுத்துகளை உருவாக்கினார். அவற்றைக்கொண்டு அவர்கள் முதலில் எழுதிய வாக்கியம் எது தெரியுமா? மன்னரின் புகழ் அல்ல. ஞானத்தையும் நற்பயிற்சியையும் அடைவது பற்றிச் சொல்லும் நீதிமொழிகள் நூலின் முதல் அதிகாரம், இரண்டாம் வசனம். தொடர்ந்து விவிலியம் முழுவதும் அர்மேனிய மொழிக்கு வந்தது. இந்தப் பணி செய்தவர்களை 'திருமொழிபெயர்ப்பாளர்கள்' என்று அழைத்து, ஆண்டுதோறும் அவர்களுக்குத் திருவிழா எடுக்கிறது அந்தத் திருஅவை. எழுத்துக் கற்கும் பள்ளிச் சிறுவர்களை, ஒஷகான் என்ற ஊரில் உள்ள புனித மெஸ்ரோப்பின் கல்லறைக்கு அழைத்துச் செல்லும் வழக்கமும் உண்டு.

இது நடந்த காலத்தைக் கவனியுங்கள். 387இல் உரோமையரும் பாரசீகரும் அர்மேனியாவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 428இல் மன்னர் ஆட்சியே முடிந்துபோனது. நாடு கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் எழுத்து வந்து சேர்ந்தது. அரண்மனை இல்லாத மக்களுக்கு அந்த 36 எழுத்துகளே கோட்டையாயின.

அந்தக் கோட்டைக்குச் சோதனை விரைவிலேயே வந்தது. பாரசீக மன்னர் தம் சமயத்தை ஏற்கும்படி கட்டாயப்படுத்தினார். 451ஆம் ஆண்டு அவராயிர் என்ற களத்தில் வர்தான் மாமிகோனியன் என்ற தளபதியின் தலைமையில் அர்மேனியர் எதிர்த்து நின்றார்கள். வர்தான் வீழ்ந்தார். போரில் தோற்றார்கள். ஆனாலும் அவர்கள் பணியவில்லை. 33 ஆண்டுகள் கழித்து, 484இல், தங்கள் வழிபாட்டு உரிமையை உடன்படிக்கை வழியாகப் பெற்றார்கள்.

அதே 451ஆம் ஆண்டில்தான் கால்சீதோன் பொதுச்சங்கம் கூடியது. அதன் போதனையை அர்மேனியத் திருத்தூதுத் திருஅவை ஏற்காததால் பிரிவு உண்டானது. 1996ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் அந்தத் திருஅவையின் தலைவர் முதலாம் கரேக்கினும், கிறிஸ்து உண்மைக் கடவுளும் உண்மை மனிதருமானவர் என்ற ஒரே விசுவாசத்தைக் கூட்டறிக்கையில் வெளியிட்டார்கள். உரோமையோடு முழு ஒன்றிப்பில் உள்ள அர்மேனியக் கத்தோலிக்கத் திருஅவையும் 1742 முதல் தனது முதுபெரும்தந்தையோடு இயங்கி வருகிறது.

கல்லிலும் அப்பத்திலும் கலந்த விசுவாசம்

அர்மேனியாவில் எங்கு சென்றாலும் ஆளுயரக் கற்பலகைகளைப் பார்க்கலாம். நடுவில் சிலுவை, சுற்றிலும் சரிகை வேலை போல நுணுக்கமான செதுக்கல். இவற்றைக் 'கச்கார்' என்கிறார்கள். சிலுவைக் கல் என்று பொருள். இந்தச் சிலுவைகளில் பெரும்பாலும் பாடுபட்ட ஆண்டவரின் உருவம் இருக்காது. சிலுவையின் அடியிலிருந்து இலைகள் தளிர்க்கும். சாவின் மரம் வாழ்வின் மரமானது என்பதைக் கல் சொல்கிறது. ஒரே மாதிரி இரண்டு கச்கார்களைக் காண்பது அரிது. 2010இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது.

வீட்டுக்குள் போனால் 'லவாஷ்' என்ற மெல்லிய அப்பம். தரையில் பதித்த மண் அடுப்பின் உட்சுவரில் மாவை அறைந்து சுடுவார்கள். ஒருவர் தனியாகச் செய்யும் வேலை அல்ல அது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிப் பேசிக்கொண்டே செய்வது. மணமக்கள் வீட்டுக்குள் நுழையும்போது அவர்கள் தோளில் இந்த அப்பத்தைப் போர்த்தி வாழ்த்துவார்கள். ஆப்ரிகாட் மரத்தில் செய்த 'துதுக்' என்ற குழலின் இசை திருமணத்திலும் ஒலிக்கும், இறந்தவரை வழியனுப்பும்போதும் ஒலிக்கும். ஆகஸ்டு மாதம் அன்னை மரியாவின் விண்ணேற்புத் திருவிழாவில் புதிய திராட்சைக் கனிகளைக் கோவிலுக்குக் கொண்டுவந்து மந்திரித்த பிறகே உண்ணத் தொடங்குவது மரபு. கிறிஸ்து பிறப்பையும் ஆண்டவரின் திருமுழுக்கையும் சேர்த்து ஜனவரி 6ஆம் நாள் கொண்டாடுகிறார்கள்.

பத்தாம் நூற்றாண்டில் வான் ஏரிக்கு அருகே நாரெக் என்ற மடத்தில் கிரகோரி என்ற துறவி வாழ்ந்தார். கடவுளோடு மனம்விட்டுப் பேசும் 95 மன்றாட்டுகளை அவர் எழுதினார். அர்மேனிய வீடுகளில் அந்த நூல் விவிலியத்துக்கு அடுத்த இடத்தில் வைக்கப்பட்டது. நோயாளியின் தலையணைக்கு அடியில் அதை வைக்கும் பழக்கமும் இருந்தது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 12 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் நாரெக் நகர் புனித கிரகோரியை அனைத்துலகத் திருஅவையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

1915: மறக்க முடியாத ஆண்டு

அந்த அறிவிப்புக்கு 2015ஆம் ஆண்டைத் தேர்ந்தது காரணத்தோடுதான். சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1915 ஏப்ரல் 24 அன்று, ஒட்டோமான் பேரரசின் தலைநகரில் அர்மேனிய அறிஞர்களையும் தலைவர்களையும் கைது செய்தார்கள். அதைத் தொடர்ந்து ஊர் ஊராக ஆண்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியோரும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டார்கள். பசியிலும் தாகத்திலும் வழியிலேயே மடிந்தார்கள். இறந்தவர்கள் 15 இலட்சம் பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். துருக்கி அரசு இதை இனப்படுகொலை என்று ஏற்பதில்லை. ஆனால் திருத்தந்தை பிரான்சிஸ், இருபதாம் நூற்றாண்டின் முதல் இனப்படுகொலையாகக் கருதப்படுவது இதுவே என்று புனித பேதுரு பெருங்கோவிலில் வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த நாள்களில் மார்தின் நகரின் அர்மேனியக் கத்தோலிக்கப் பேராயர் இஞ்ஞாசியு மலோயான் தம் மக்களோடு கைதானார். சமயம் மாறினால் உயிர் பிழைக்கலாம் என்றார்கள். அவர் மறுத்தார். சாவுக்கு முன் அப்பத்தை அர்ப்பணித்துத் தம்மோடு இருந்தவர்களுக்கு நற்கருணையாகப் பகிர்ந்தளித்தார். ஜூன் 11 அன்று கொல்லப்பட்டார். 2025ஆம் ஆண்டு அக்டோபர் 19 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக உயர்த்தினார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கொடிய நாள்களில் அர்மேனியக் குழந்தைகளைத் தங்கள் வீட்டுக்குள் மறைத்துக் காத்த இசுலாமியக் குடும்பங்களும் இருந்தன. இருள் அடர்ந்த நேரத்திலும் கடவுள் சாட்சிகள் இல்லாமல் விடுவதில்லை.

அந்த ஆண்டின் கூட்டத்தில்தான் மூஷ் ஊரின் இரண்டு பெண்களும் நடந்தார்கள். இப்போது அவர்கள் ஏன் அந்த நூலைச் சுமந்தார்கள் என்பது நமக்குப் புரிகிறது. வீட்டை மீண்டும் கட்டலாம், நிலத்தை எங்காவது உழலாம். ஆனால் தங்கள் மொழியில் கடவுள் பேசிய வார்த்தை அழிந்துவிட்டால், பிழைத்திருப்பவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியாமல் போய்விடும்.

அவர்கள் காத்த நூல் இருக்கும் காப்பகத்தின் பெயர் மாதெனதரான். அதன் வாசலில் புனித மெஸ்ரோப் அமர்ந்திருக்கிறார், சிலையாக. உள்ளே 17,000-க்கும் மேற்பட்ட கையெழுத்து நூல்கள். அங்கே மிகப் பெரிய நூல் மூஷ் மறையுரை நூல்.

துன்பம் அத்தோடு முடியவில்லை. 1920 முதல் சோவியத் ஆட்சியில் பல கோவில்கள் மூடப்பட்டன. 1988 டிசம்பர் 7 அன்று வந்த நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 25,000 பேர் இறந்தார்கள். 1991இல் நாடு விடுதலை பெற்றது. 2023 செப்டம்பரில் நகோர்னோ-கராபாக் பகுதியிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் அதிகமான அர்மேனியர்கள் சில நாள்களுக்குள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். இன்று அர்மேனியாவுக்குள் வாழ்வோரைவிட வெளிநாடுகளில் வாழும் அர்மேனியரே அதிகம்.

நம் ஊரில் அச்சான அர்மேனிய இதழ்

சென்னை பாரிமுனை அருகே அந்தோணியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போகிறவர்களுக்கு அர்மேனியன் தெரு நன்றாகத் தெரியும். தமிழர் வாயில் அது 'அரண்மனைக்காரன் தெரு' ஆயிற்று. அங்கே அரண்மனை எதுவும் இல்லை. 'அர்மேனியன்' என்ற சொல்தான் அப்படி மருவியது. வணிகத்துக்காக இங்கு வந்து வாழ்ந்த அர்மேனியர்கள் 1772இல் கட்டிய அன்னை மரியாவின் கோவில் அதே தெருவில் இருக்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது பழைய பாலத்தை 1726இல் சொந்தச் செலவில் கட்டியவரும், பரங்கிமலையில் புனித தோமாவின் திருத்தலத்துக்கு ஏறும் படிகளை அமைத்தவரும் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகர்தான்.

அந்தக் கோவிலில் பணி செய்த குரு ஹருத்யூன் ஷ்மாவோனியான். இரண்டு மகன்களையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்த தந்தை. அந்தத் துயரத்துக்குப் பிறகு அவர் கையில் எடுத்தது அச்சு எழுத்துகளை. 1794இல் 'அஸ்தரார்' என்ற மாத இதழைச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார். உலகிலேயே முதல் அர்மேனிய இதழ் அதுதான். தாய்நாட்டில் அரசு இல்லை, சுதந்திரம் இல்லை. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, நம் மண்ணில் இருந்துகொண்டு, மெஸ்ரோப்பின் எழுத்துகளை ஒரு குரு காப்பாற்றினார். அவரது கல்லறை அந்தக் கோவில் வளாகத்திலேயே இருக்கிறது.

அன்பு நேயர்களே, நம் வீட்டுக்கு வருவோம். நம் பிள்ளைகளில் பலர் இன்று தமிழ்ப் பாடலை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். அவர்கள் அருகில் அமர்ந்து விவிலியத்தில் ஒரு பத்தியை விரல் வைத்து வாசிக்க நாம் சொல்லிக் கொடுத்தோமா என்று நம்மையே கேட்போம். நம்மை யாரும் துரத்தவில்லை. நம் விவிலியம் 28 கிலோ எடையும் இல்லை. ஆனால் பல வீடுகளில் அது அலமாரியைவிட்டு இறங்குவதே இல்லை. முழு நூலையும் தன்னால் சுமக்க முடியாது என்று தெரிந்தபோது அந்தப் பெண் பாதியைச் சுமந்தாள். நம்மாலும் எல்லாம் முடியாது. இன்று இரவு உணவுக்குப் பிறகு, குடும்பமாக ஒரு பத்தி முடியும்.

இறைவா, குழியில் கிடந்த கிரகோரியை அப்பத்தால் காத்தவரே, மண்ணை இழந்த மக்களை உமது வார்த்தையால் காத்தவரே, இன்றும் வீடிழந்து அலையும் அர்மேனியக் குடும்பங்களுக்கு ஆறுதல் தாரும். எதிரெதிராய் நிற்கும் நாடுகளின் எல்லைகளை அமைதியால் திறந்தருளும். நாங்கள் பெற்றுக்கொண்ட விசுவாசத்தை எங்கள் பிள்ளைகளின் கைகளில் பத்திரமாய் ஒப்படைக்க வரம் தாரும். ஆமென்.